மூன்று சுழி ணகரமும் சாய்ந்த எழுத்தும்

"கிண்ணம்" என்ற சொல்லை நான் ஒருமுறை 12 அடி நீளத் துணியில் முழுமையாகக் கெடுத்திருக்கிறேன். கெடுத்தது எழுத்துப்பிழையால் அல்ல. ஒவ்வோர் எழுத்தும் அதனதன் இடத்தில் சரியாகவே இருந்தது. ஆனாலும் வீதியின் மறுபக்கத்தில் நின்று பார்த்த ஒருவருக்கும் அந்தச் சொல் தெரியவில்லை.

கிளிநொச்சிக்கும் பரந்தனுக்கும் இடையில், ஏ9 வீதியோரமாக ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். பதாகை, ஸ்டிக்கர், பெயர்ப்பலகை, ஜேர்சியின் முதுகில் ஒட்டும் பெயர் என்று எழுத்தோடு சம்பந்தப்பட்ட வேலைகள் எல்லாம் அங்கே நடக்கும். காலபோக அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகிற மாசி, பங்குனி மாதங்களில்தான் எனக்கு நித்திரை குறையும். ஏனென்றால் ஊர்கள்தோறும் கரப்பந்தாட்டம், உதைபந்தாட்டம், மென்பந்துத் துடுப்பாட்டம் என்று சுற்றுப்போட்டிகள் தொடங்கிவிடும், ஒவ்வொரு விளையாட்டுக் கழகத்துக்கும் மைதான வாசலில் கட்ட ஒரு பதாகையாவது வேண்டும். அப்படி வந்த நான்கு இளைஞர்களில் ஒருவர் தன்னுடைய கைப்பேசியில் வெளிநாட்டுக் கழகம் ஒன்றின் ஆங்கில எழுத்தைக் காட்டி, "அண்ணை, எழுத்து ஓடுற மாதிரி இருக்கோணும்" என்றார்.

அவர் காட்டிய எழுத்தை எவரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். கோடுகள் தடித்திருக்கும், அகலம் ஒடுங்கியிருக்கும், முழுச் சொல்லும் வலப்பக்கம் சாய்ந்து, பந்தயத்தில் புறப்படுகிறவனின் உடம்பைப்போல முன்னே தள்ளி நிற்கும். கோடுகளின் முனையில் சிறு கால்கள் இராது. வாசிப்புப் புத்தகத்துக்கு உதவாத, தூரத்தில் இருந்து ஓரிரு சொற்களைச் சத்தமாகச் சொல்வதற்கென்றே செய்யப்பட்ட எழுத்து அது. தமிழிலும் அப்படியே செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது: நிமிர்ந்து நிற்கும் தடித்த தமிழ் எழுத்துரு ஒன்றை எடுத்து, கோரல் ட்ரோ என்ற வரைகலை மென்பொருளில் பக்கவாட்டாக 55 வீதத்துக்கு நெருக்கி, 15 பாகைக்குச் சாய்த்து, மெலிந்துபோன கோடுகளை மீண்டும் தடிப்பாக்க ஒரு வெளிக்கோடும், அதற்கு வெளியே வெள்ளையில் இன்னொரு கோடும் போட்டேன். திரையில் பார்க்க நன்றாகவே இருந்தது. கடையில் நின்ற எல்லோருக்கும் பிடித்திருந்தது.

மைதான வாசலில் கட்டிய பிறகு அந்த இளைஞரே தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணை, கிண்ணத்தைக் காணேல்லை" என்றார். போய்ப் பார்த்தேன். முதலில் ஒரு "கி" தெரிந்தது, கடைசியில் ஒரு "ம்" தெரிந்தது, நடுவில் பனைமட்டை வேலி போல ஒரு கறுப்புப் பட்டை நின்றது. என் செலவிலேயே மறுபடி அடித்துக் கொடுத்தேன். அந்த இரவு தொடங்கியதுதான், ணகரத்தோடு எனக்கு உள்ள இந்த வழக்கு.

என்ன நடந்தது என்பதை அளந்து பார்த்தால் எளிதாக விளங்கும். அந்தப் பதாகையில் மூன்று சுழி "ண"வின் நிமிர்ந்த கோடுகள் ஏறத்தாழ 2 அங்குலத் தடிப்பும், கோடுகளுக்கு இடையிலான வெளி அதே அளவு அகலமும் கொண்டிருந்தன. 55 வீதத்துக்கு நெருக்கியபோது இரண்டுமே 1 அங்குலத்துக்குச் சற்று மேலே வந்து நின்றன. ஆனால் கிடைக்கோடுகள் மட்டும் நெருக்கத்துக்கு ஆளாகாமல் பழைய 2 அங்குலத்திலேயே இருந்துவிட்டன. ஆகவே "ப" என்ற எழுத்து சுவர் மெலிந்து அடி தடித்த மாட்டுத்தொட்டி போல ஆனது. அதைச் சரிசெய்யத்தான் வெளிக்கோடு போட்டேன். கோரல் ட்ரோவில் வெளிக்கோடு எழுத்தின் விளிம்புக்கு இரண்டு பக்கமும் பாதி பாதியாக விழும், அதாவது பாதி உள்ளேயும் விழும். ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் உள்ளே புகுந்தவுடன், சுழிகளுக்கு இடையில் எஞ்சிய வெளி அரை அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டியதாக மாறியது. வெயிலில், காற்றில், மோட்டார் சைக்கிளில் வருகிறவனுடைய கண்ணுக்கு அந்த அரை அங்குலம் இல்லாததற்குச் சமம். "ன"வுக்கும் "ண"வுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஒரு சுழிதான். அந்தச் சுழியைக் காட்டுவது கோடு அல்ல, கோடுகளுக்கு நடுவே தெரிகிற துணியின் நிறம். அதை நிரப்பிவிட்டால் எழுத்தே போய்விடும். "கிண்ணம்" என்ற சொல்லில் அந்த ணகரம் இரண்டு தடவை அடுத்தடுத்து வருகிறது. விளையாட்டுப் பதாகைகளில் அதிகமாக எழுதப்படும் சொற்களில் ஒன்று இப்படி அமைந்தது என்னுடைய தலைவிதி.

சாய்வு செய்த கெடுதி வேறு வகையானது. ஒரு வளையத்தை மென்பொருளால் வலப்பக்கம் தள்ளிச் சாய்த்தால், அதன் மேல்வலப் பகுதியும் கீழ்இடப் பகுதியும் தடிக்கும், மற்ற இரண்டு மூலைகளும் மெலியும். இலத்தீன் எழுத்தில், அதிலும் பெரிய எழுத்துகளில், நேர்க்கோடுகளே அதிகம் என்பதால் இந்தக் கோணல் சில எழுத்துகளில் மட்டும்தான் வெளியே தெரியும். தமிழில் அ, இ, ஒ, ஐ, ஞ, ண, ழ, ஷ என்று எங்கே திரும்பினாலும் சுழி. ஒவ்வொரு சுழியும் ஒரே திசையில் வீங்கி, ஒரே திசையில் மெலிந்து, மழையில் நனைந்து காய்ந்த பலகை போலச் சொல் முழுவதும் கோணிவிடுகிறது. புள்ளியும் நகர்கிறது. 15 பாகைச் சாய்வில் ஓரடி உயரத்துக்கு 3 அங்குலத்துக்கு மேல் வலப்பக்கம் தள்ளுப்படும். எழுத்தின் அகலமே 7 அங்குலம்தான் என்றால், "ண்"மேல் இருக்கவேண்டிய புள்ளி, பார்க்கிறவனுக்கு அடுத்த "ண"வின் தலையில் இருப்பதாகவே படும். ஓலையில் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள், 1578 இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்திலும் புள்ளி இல்லை. பதாகை கட்டுகிறவனாக அவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

அப்படியானால் இலத்தீன்காரர்களுக்கு இது எப்படி வாய்த்தது என்று தேடி வாசித்தேன். சாய்வெழுத்து அவர்களிடம் தள்ளிச் சாய்த்த எழுத்தாகப் பிறக்கவில்லை. வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளருக்காகப் பிரான்செஸ்கோ கிரிஃபோ என்பவர் கையெழுத்தைப் பார்த்து வெட்டிய தனி எழுத்து அது. 1501 இல் வெர்ஜிலின் கவிதைகள் அந்த எழுத்தில் அச்சாகின. கால்கள் இல்லாத எழுத்து அச்சுக்கு வந்தது அதற்கு மூன்று நூற்றாண்டுகள் பிந்தி, 1816 இல் இலண்டனில் நான்காம் வில்லியம் கேஸ்லனின் மாதிரிப் புத்தகத்தில், அதுவும் பெரிய எழுத்துகள் மட்டும். பிறகு சுவரொட்டிக்காரர்களின் காலம் வந்தது. ஒரே தாளில் பெரிதாகவும் நீளமாகவும் சொல்ல வேண்டும் என்றபோது எழுத்து தடித்தது, ஒடுங்கியது.

எனக்கு மிகவும் பிடித்தது 1957 இல் அட்ரியன் ஃபுருட்டிகர் செய்த யூனிவேர்ஸ் எழுத்துக்குடும்பத்தின் இலக்கமிடும் முறைதான். அதில் எழுத்துகளுக்குப் பெயருக்குப் பதிலாக இரட்டை இலக்கம். முதல் இலக்கம் தடிப்பைச் சொல்லும், இரண்டாவது இலக்கம் அகலத்தையும் சாய்வையும் சொல்லும். 65 என்றால் தடித்தது, 67 என்றால் தடித்து ஒடுங்கியது, 68 என்றால் தடித்து ஒடுங்கிச் சாய்ந்தது. அந்த இளைஞர் கைப்பேசியில் காட்டியது இந்த 68 இன் தூரத்துச் சொந்தம். ஈயத்தில் எழுத்து வார்த்த காலத்தில் ஒன்றைத் தள்ளி இன்னொன்றாக்க ஒரு பொத்தான் இல்லை. 67 இருக்கிறது என்பதற்காக 68 கிடைத்துவிடாது, அதற்குத் தனியாக வரைந்து தனியாக வார்க்க வேண்டும். எங்கள் கடைகளில் எல்லாக் கணினியிலும் இருக்கிற இம்பாக்ட் எழுத்துருகூட 1965 இல் ஜெஃப்ரி லீ உலோக எழுத்துக்காக வரைந்தது. தடிப்பும் ஒடுக்கமும் சேர்ந்த எழுத்து அது, ஆனால் நிமிர்ந்துதான் நிற்கும். அதைச் சாய்த்துப் பாவிக்கிறவர்கள் நாங்கள்தான்.

தமிழில் ஒடுங்கிய எழுத்து ஆடம்பரம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். "விளையாட்டுக் கழகம்" என்ற பெயரை இயல்பான அகலத்தில் ஓரடி உயரத்துக்கு எழுதினாலே 12 அடித் துணி ஏறக்குறைய நிரம்பிவிடும். ஊரின் பெயருக்கும், கழகத்தின் பெயருக்கும், போட்டியின் பெயருக்கும் அதன்பிறகு இடமில்லை. "புதுக்குடியிருப்பு" என்ற ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது எழுத்துகள், அவற்றில் ஐந்து உகரம் ஏறியவை, அந்த ஐந்திலும் பு, து, கு, ரு என்று உகரம் நான்கு விதமாக உருவெடுக்கிறது. மேலே இரண்டு புள்ளியும் இரண்டு விசிறியும் (இகரக் குறி) இருக்க, கீழே "பு"வின் காலும் "து"வின் வளைவும் தொங்கும். மூன்றடி உயரத் துணியில் மேலும் கீழும் இதற்கெல்லாம் இடம் விட்டால் எழுத்தின் உடம்புக்கு மிஞ்சுவது ஒன்றரை அடிதான், அந்த ஒன்றரை அடியில் அகலத்தை ஒடுக்காமல் பெயரை முடிக்க முடியாது. பேருந்தின் முன்கண்ணாடியிலும் இதே கதைதான்.

என்னுடைய மாமா ஒருவர் இந்தப் பிரச்சினையைக் கணினி வருவதற்கு முன்பே தீர்த்து வைத்திருந்தார் என்பது எனக்குப் பிந்தித்தான் நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை, பெயின்ற் கிடைப்பதும் அருமை. அவர் துணியிலும் தகரத்திலும் தூரிகையால் எழுதினார். எல்லோரும் அவரைப் பெயின்ரர் என்றே அழைத்தார்கள். சோக்குப் பொடி தடவிய நூலை இரண்டு ஆணிகளுக்கு இடையே இழுத்துக் கட்டி, நடுவில் பிடித்துச் சுண்டிவிட, துணியில் ஒரு வெள்ளைக்கோடு விழும். மேல்கோடு, அடிக்கோடு, புள்ளிக்கு ஒரு கோடு என்று மூன்று. சாய்வெழுத்து எழுதுகிற நாளில் மட்டும் ஒரு முக்கோணப் பலகைத் துண்டை எடுப்பார். அதன் சரிந்த பக்கத்தை அடிக்கோட்டோடு பிடித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சாய்கோட்டைப் பென்சிலால் மெல்லியதாக இடுவார். அந்தச் சரிவு மிகவும் சிறியது. எனக்கு அப்போது அது போதாது என்றே தோன்றும், இன்னும் கொஞ்சம் சரித்தால் வேகமாக இருக்குமே என்று நினைப்பேன்.

நான் தூரிகை கழுவிக் கொடுக்கும் வயதில் அவர் எனக்குச் சொன்னது இதுதான்: "தம்பி, முதல்ல மூண்டு சுழியை எழுதிப் பார். அது எவ்வளவுக்கு ஒடுங்குமோ அவ்வளவுக்குத்தான் மற்றதும்." அவர் சொல்லை எப்போதும் முதல் எழுத்தில் இருந்து தொடங்கமாட்டார். சொல்லில் ணகரம் இருந்தால் அதைத் தனியாக ஒரு தாளில் எழுதி, ஒடுக்கி, இன்னும் ஒடுக்கி, பத்தடி பின்னால் போய்ப் பார்த்து, சுழி தெரிகிற கடைசி எல்லையை முடிவுசெய்துகொண்டுதான் "க"வுக்கும் "ப"வுக்கும் அகலம் வைப்பார். ணகரத்தின் வெளிக்கோடுகளைத் தடிப்பாகவும், உள்ளே இருக்கிற கோடுகளைத் தூரிகையின் முனையைத் திருப்பிப் பிடித்துக் கொஞ்சம் மெல்லியதாகவும் இழுப்பார். பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியும். துணியை மரத்தில் கட்டிவிட்டுப் பார்த்தால் எல்லாக் கோடுகளும் ஒரே தடிப்பாகவே தோன்றும். நான் கணினியில் ஒரே சொடுக்கில் எல்லாக் கோடுகளையும் ஒன்றுபோல நெருக்கியபோது தொலைத்தது இந்தத் திருப்பிப் பிடித்தலைத்தான்.

இன்றைக்குக் கிடைக்கிற தமிழ் எழுத்துருக்களில் தேவையான மூன்று குணங்களும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பதை நான் இன்னும் சந்திக்கவில்லை. நோட்டோ சான்ஸ் தமிழில் தடிப்பு பல படிகளில் இருக்கிறது, அகலத்தையும் 100 இலிருந்து 62.5 வரை ஒடுக்கலாம். அந்த ஒடுக்கம் வரைந்து செய்யப்பட்டது என்பதால் "ண" உயிரோடு இருக்கிறது, ஆனால் சாய்வு இல்லை. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணரில் அழகான சாய்வு இருக்கிறது. கையெழுத்தின் சாயலில் வரைந்த மெல்லிய எழுத்து, பதாகையின் சத்தத்துக்கு அது வந்ததல்ல. அவசரத்துக்கு நான் இப்போது செய்வது, நோட்டோவின் தடித்த ஒடுங்கிய வடிவத்தை எடுத்து 8 பாகைக்கு மேல் போகாமல் சாய்ப்பது. ஓரடிக்கு ஒன்றே முக்கால் அங்குலம்கூட நகராது. புள்ளி தன் எழுத்தின் தலையிலேயே நிற்கும். வெளிக்கோடு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு அதை எழுத்தின் பின்னால் விழும்படி அமைத்துக் கொடுக்கிறேன், உள்ளே ஒரு மயிரிழைகூட விடுவதில்லை. பழைய பாமினி எழுத்துருவை இன்னும் விடாத கடைகள் இங்கே பல உண்டு, அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். பழைய மென்பொருள்களில் யூனிகோட் தமிழை இட்டால் "கொ"வின் கொம்பு இடம் மாறி விழுந்து அவமானப்படுத்தும், பாமினி அந்த வேலையைச் செய்யாது.

ஆனால் அவசர வழி அவசர வழிதான், வளைவுகள் வீங்குவதை 8 பாகை குறைக்குமே தவிர நீக்காது. ஆகவே இரவுகளில் ஃபொன்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளில் எனக்கான ஓர் எழுத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் பதாகை எழுத்து என்றால் 26 பெரிய எழுத்துகளும் பத்து இலக்கங்களும் போதும். தமிழில் 18 மெய்களுக்கும் உகர ஊகார வடிவங்களே 36 ஆகின்றன. விசிறி ஏறியவை, "டி"யும் "டீ"யும் போலத் தனியாக ஒட்டியவை, கிரந்தம் என்று போனால் நூறைத் தாண்டிவிடும். நான் அகரவரிசையில் போகவில்லை. கடைக்கு வருகிற ஊர்ப்பெயர்களின் வரிசையில் போனேன்: பரந்தன், கிளிநொச்சி, விசுவமடு, மாங்குளம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு. மாமா சொன்னபடி எல்லாவற்றுக்கும் முன்னர் "ண"வை வரைந்தேன். அதற்கே இரண்டு வாரங்கள் பிடித்தன. உள்கோடுகளை வெளிக்கோட்டின் முக்கால் தடிப்புக்குக் கொண்டுவந்து, சுழிகளின் மேல்வலப் பகுதியைச் சீவி, கீழ்வலப் பகுதியில் கொஞ்சம் சதை வைத்து, தாளில் அடித்துக் கடையின் கேற்றில் ஒட்டிவிட்டு, வீதியின் மறுபக்கத் தேநீர்க்கடையில் இருந்து பார்ப்பேன். தேநீர்க்கடைக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. இப்போது அவரே "இண்டைக்கு மூண்டு சுழியும் தெரியுது" என்று அறிக்கை தருகிறார்.

ணகரம் வழிக்கு வந்தபிறகு வந்த சிக்கல் "ணை". ஐகாரக் கொம்பும் ணகரமும் சேர்ந்தால், எவ்வளவு ஒடுக்கினாலும், பக்கத்தில் உள்ள எழுத்துகளைப்போல இரண்டரை மடங்கு அகலத்தைப் பிடிக்கிறது. வன்னியில் ஓடுகிற உழவு இயந்திரங்களில் பாதியின் பெட்டியில் "துணை" என்ற சொல் இருக்கும் என்பதால் இதைத் தவிர்த்துவிட்டுப் போகவும் முடியாது. வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் ஓர் ஐயா தன் பெட்டியின் பின்கதவுக்கு "வற்றாப்பளை அம்மன் துணை" என்று ஒரே வரியில், பெடியள் எழுதுகிற அந்தச் சாய்ந்த எழுத்தில்தான் வேண்டும் என்று கேட்டு வந்தார். "ளை" ஒன்று, "ணை" ஒன்று. கதவின் அகலம் 5 அடிக்குள். எப்படி எழுதினாலும் "ணை" கதவுக்கு வெளியே போனது.

அப்போதுதான் பழைய "ணை" நினைவுக்கு வந்தது. 1978 இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னர், ணை, லை, ளை, னை ஆகிய நான்குக்கும் தனிக்கொம்பு கிடையாது. எழுத்தின் தலையில் இருந்தே ஒரு தும்பிக்கை புறப்பட்டு முன்பக்கம் வளைந்து இறங்கும். எங்களுடைய பழைய புத்தகங்களிலும் அப்படித்தான். அந்தத் தும்பிக்கை மேலே வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் போவதால் அகலத்தைச் சாப்பிடுவதில்லை, அதோடு சாய்வெழுத்தில் அது முன்னே வளைவது இயல்பாகவும் இருக்கிறது. யூனிகோடில் குறியீடு அதேதான், வடிவத்தை மட்டும் எழுத்துரு மாற்றிக் கொடுத்தால் போதும். இரண்டையும் தும்பிக்கையோடு வரைந்து, ஸ்டிக்கர் வெட்டி, ஐயாவின் கதவில் ஒட்டினேன். 5 அடிக்குள் இரண்டு பக்கமும் நான்கு விரல்கடை இடம் மிச்சமாகச் சொல் அடங்கியது.

ஐயா பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, கிட்ட வந்து "ணை"யின் தும்பிக்கை வழியாக விரலை ஓட்டினார். "இது நான் படிச்ச எழுத்தெல்லோ தம்பி" என்றார். பெட்டிக்குள் ஏறி நின்ற பேரன் தலைகீழாக எட்டிப் பார்த்து, "அப்பப்பா, இதில 'து'வுக்குப் பிறகு என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான். ஐயா சொல்லிக் கொடுத்தார், அவன் நம்பவில்லை, புத்தகத்தில் இப்படி இல்லை என்றான். விளையாட்டுக் கழகங்களின் ஜேர்சிக்குப் புதிய "ணை"யையே வைப்பதென்று அன்றைக்கு முடிவுசெய்தேன். பெட்டிகளுக்குப் பழையதும் எழுத்துருவுக்குள் இருக்கட்டும். அடுத்ததாக "ஞ" காத்திருக்கிறது, அதற்குத் தேநீர்க்கடைக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை.